சிவப்பு சோப்பும் பச்சைக் கோட்டும்

என் குண்டூசிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நல்லா இருக்கியா என்று கேட்டால் போனில் சொல்கிற அதே ஒற்றை வார்த்தையைத்தான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை, நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று நானே எழுதிவிடுகிறேன். எனக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி குறையில்லை. பேரனுக்கு இருமல் நின்றதா, குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. போனில் சொல்ல முடியாத விஷயம் ஒன்று, நீயும் வேலையில் இருப்பாய், அதனால்தான் கடிதம். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே.

அப்பா போய் மூன்று மாதம் ஆனதும் வாசனைத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது, அவர் அலமாரியில் இருக்கும் சாமானை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துப் போனேன். அவர் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த இடம், நான் உள்ளே போனது இதோடு மூன்றே தடவை. இடுப்பு உயரத்துக்குச் சுவர் கட்டி அதன் மேல் மண் போட்டுச் செடி வைத்திருக்கிறார்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் கண் தெரியாதவர்களும் குனியாமல் தொட்டு முகர்ந்து பார்க்க. ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப் பலகை, அதில் தடவிப் படிக்கப் புள்ளி எழுத்து. இலையைக் கசக்கி வருகிறவர்கள் கையில் வைப்பதுதான் உன் அப்பா வேலை, களை எடுப்பது தண்ணீர் விடுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தவர் இல்லை.

புதினா மேடை பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா வெள்ளைக் கோலோடு உட்கார்ந்திருந்தாள். என் வயசுதான் இருக்கும், புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவளாம். அப்பா எப்போதோ சொல்லியிருக்கிறார், டெலிபோன்காரம்மா ஒரு இலையைக் கூடத் தப்பாகச் சொல்ல மாட்டாள் என்று, நானும் உம் கொட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன். நான் யார் என்று தோட்டத்து மேஸ்திரி சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக வாரம் நாலு நாள் வருகிறாளாம். திங்கட்கிழமை எலுமிச்சம்புல் அறுப்பார், அந்த வாசனை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார் என்றாள். உரம் போடுகிற நாளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே நில்லுங்க சாமி என்று விரட்டுவாளாம், அவர் வேண்டுமென்றே கிட்டே வந்து நிற்பாராம். எல்லா வாசனைக்கும் அடியில் அவருக்கென்று ஒன்று உண்டு, வெயிலில் காய்ந்த கயிறு மாதிரி, அதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா என்றாள். அந்த ஒரு பேச்சில் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சொல்லணும்டி, எனக்குச் சொல்லத்தான் வேண்டும். எனக்குத் தெரியவே தெரியாது.

நீ என் வயிற்றில் இருந்தபோது எதைக் கண்டாலும் வாந்தி. அவர் உள்ளே வந்தாலே இலை நாற்றம் குமட்டும், கழுவிக்கொண்டு வருவதானால் வாருங்கள், இல்லாவிட்டால் வாசலிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து தோட்டத்துக் குழாயடியில் சிவப்பு சோப்புப் போட்டுத் தேய்த்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு பின்கேட் வழியாக வருவார். நீ பிறந்தாய், வாந்தி நின்றது, நான் இனிமேல் வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷம் எனக்கு வந்தது சோப்பு வாசனைதான். எல்லாம் உன்னால் என்று சொல்லலாம், சொல்லவில்லை, விடு.

அலமாரியில் அவர் தோட்ட வேலைக்கு மாட்டிக்கொள்கிற பச்சைக் கோட்டும் சோப்பு டப்பாவும் இருந்தன. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, டெலிபோன்காரம்மா கோட்டைக் கேட்கிறார்கள், உங்களுக்கு வேண்டாம் என்றால் மட்டும் கொடுத்தால் போதுமாம் என்றார். வேண்டாம் என்று யார் சொன்னது என்று பிடுங்கிப் பையில் திணித்துக்கொண்டேன். அவள் பெஞ்சைத் தாண்டித்தான் வரணும், பை தாண்டும்போது அவள் தலை மெதுவாகத் திரும்பியது, பார்த்தேன். நான் நிற்கவில்லை.

பஸ்ஸிலேயே கோட்டில் முகத்தைப் புதைத்துப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான். ஏழெட்டு வாசனை ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது, எதில் அவர் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன், யாரோ ஆம்பிளை வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. கோபத்தில் வாளியில் தண்ணீர் பிடித்து சோப்புத்தூள் கூடப் போட்டுவிட்டேன், எனக்கில்லாதது அவளுக்கும் வேண்டாம் என்று. பொய் சொல்லமாட்டேன், அப்படித்தான் நினைத்தேன். முக்கப் போகும்போது எதிர்வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்து, செத்தவர் கோட்டுக்கு இப்ப என்னக்கா அவசரம் என்று கேட்டுவிட்டாள். கை நின்றுவிட்டது. அவள் வாய் ஒரு தடவையாவது உபயோகப்பட்டதே.

அப்புறம் டப்பாவைத் திறந்தேன். உள்ளே தேய்ந்து நகம் மாதிரி ஆன சோப்புத் துண்டு. திறந்ததும் அப்பாவே வந்துவிட்டார், செருப்பை உதறிவிட்டுச் சாப்பாடு ஆச்சா என்று கேட்கிற நேரத்து அப்பா. இது அந்த டெலிபோன்காரம்மாவுக்குத் தெரியாது, அவள் மூக்குக்கு இது எட்டவே இல்லை என்று நினைத்ததும் கொஞ்சம் சோறு இறங்கியது.

திங்கட்கிழமை கோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். கொடுப்பதற்கு அல்ல. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டுக் கை, பாக்கெட் என்று ஒவ்வொன்றாக முகரக் கொடுத்து எது எந்த வாசனை, அந்தக் கயிறு வாசனை எங்கே இருக்கிறது என்று சொல்லச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். சோப்பைப் பற்றி மூச்சு விடமாட்டேன்.

நீ நின்றுகொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளை வேலையிலிருந்து எப்படி வந்தாலும் வாசலில் நிறுத்தாதே, அப்படியே உள்ளே விடு, இது மறக்காதே. பிள்ளை குட்டியோடு நீண்ட ஆயுசாக, நோய் நொடி இல்லாமல் இரு, என் ஆயுசிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்.

இப்படிக்கு
உன்னைச் சுமந்து வாந்தி எடுத்த அம்மா

ஓரத்தில் இடம் இருக்கிறது, அதனால் கேட்கிறேன். நீ பிறந்ததும் இனிமேல் கழுவ வேண்டாம், அப்படியே வாருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உன் அப்பா அந்த வாசனையை என்னிடம் கொண்டு வந்திருப்பாரா, இல்லை அங்கேயே வைத்துவிட்டுத்தான் வந்திருப்பாரா?