நாக்குக் கட்டிய மணி

1913 ஜனவரி 18, சனி

கூழைக்கடாக்கள் வந்துவிட்டன. குளத்துக் கருவை மரங்களில் கூடு கட்டுகின்றன. வழக்கம்போல ஏணி வைத்து ஏறி, எங்கள் வேதக்கோயில் மணியின் நாக்கில் சாக்குத்துணியைச் சுற்றிக் கட்டினேன். இனிக் குஞ்சுகள் பறக்கும்வரை சபைக்கு 'டொப் டொப்' என்றுதான் அழைப்பு. சிவன் கோயில் திருவிழாவுக்கும் வேட்டுக் கிடையாது. எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர்தான் வயலுக்கு உரம். பறவை பயந்து போனால் நெல்லும் கூடவே போய்விடும் என்பது ஊரார் நம்பிக்கை.

இறங்கும்போது கடைசிப் படி என்று நினைத்துக் காலைக் கீழே வைத்தேன். அது கடைசிப் படி இல்லை. என் வீட்டுக்காரி பாக்கியவதி இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் தேய்த்தாள்.

ஜனவரி 25

பாளையங்கோட்டையில் மகள் ஹெப்சிபாவுக்கு நிச்சயம் ஆயிற்று. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மாப்பிள்ளை ஜெபசீலன் பள்ளிக்கூட வாத்தியார். தலைநிமிர்ந்து பார்க்கவே வெட்கப்படுகிறார். அவர் தகப்பனார் ஜேசுதாசன் கோர்ட்டுக் கச்சேரி குமாஸ்தா. அவருக்கு வெட்கம் கிடையாது. சுவரில் துப்பாக்கி தொங்குகிறது. அவர் சட்டம் பேசுகிறார், வேட்டை பேசுகிறார். நானோ நாலாம் பாரத்தோடு படிப்பு நின்ற கருப்பட்டி வியாபாரி. கருப்பட்டியைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசுவது? ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"எங்க குளத்துக்கு வாங்க சம்பந்தி. கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டாலும் நாலு விழும்."

"அப்படியா? லெந்து நாள்ல ஒரு சனிக்கிழமை வாரேன் வே."

கல்யாணம் லெந்துத் தவக்காலம் முடிந்து, ஈஸ்டர் கழிந்து.

ஜனவரி 26

மணியின் நாக்கைக் கட்டத் தெரிகிறது. சொந்த நாக்கை—

பிப்ரவரி 3

அடுத்த வயல்காரர் அம்மையப்ப பிள்ளை கடைக்கு வந்தார். கருப்பட்டி வாங்கவில்லை.

"ஒம்ம சம்பந்தி துப்பாக்கியோட வாராராமே?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னது அண்ணாச்சி."

"பேச்சு பேச்சாவே இருக்கட்டும். குளத்துல ஒரு வேட்டுச் சத்தம் கேட்டா, ஒம்ம மக கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊன ஒரு ஆளு வர மாட்டான். நானும் வர மாட்டேன். ஹெப்சிபா நான் தூக்கி வளத்த பிள்ளை. வருத்தத்தோடதான் சொல்லுதேன்."

வராதீர் என்று சொன்னால் சம்பந்தி மூஞ்சியைத் தூக்குவார். வாரும் என்றால் ஊர் தூக்கும். கேட்டதற்குப் பாக்கியவதி சொல்கிறாள்: "கூப்பிட்டது நீங்கதான? கண்ணை மூடிக்கிட்டுப் போயி வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க."

பிப்ரவரி 10

நல்ல செய்தி! மேலப்பாளையத்துச் சேக் முகம்மது சந்தைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திச் சொன்னார்: "பறவையளச் சுடக்கூடாதுன்னு போன வருசமே சட்டம் வந்துட்டுல்லா, ஒமக்குத் தெரியாதா?" என் வாயால் சொல்ல வேண்டியதைச் சர்க்காரே சொல்லிவிட்டது. சம்பந்தியோ சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். ஐந்தாம் ஜார்ஜ் மகாராஜாவுக்கு நீண்ட ஆயுசு கொடு, கர்த்தாவே.

பிப்ரவரி 12

போனேன். சொன்னேன். சம்பந்திக்கு எவ்வளவு சந்தோஷம்! என்னைப் பார்த்து அல்ல, சட்டத்தைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்ததற்காக.

"பழைய சட்டம் என்ன வே? முனிசிபாலிட்டி எல்லைக்குள்ள, முட்டையிடுத காலத்துல விக்கக்கூடாது, வச்சிருக்கக்கூடாது. அம்புட்டுத்தான். பொறவு இறகைக் கப்பலேத்தக்கூடாதுன்னான். இப்பத்தான் கொல்லவும் கூடாதுங்கான். அதுவும் சர்க்காரு குறிச்சுச் சொல்லுத காலத்துல, பட்டியல்ல உள்ளதை மட்டும்."

அச்சடித்த பட்டியலை எடுத்துக் கையில் வைத்து விரலால் ஓட்டினார். காட்டுக்கோழி, காடை, புறா, வாத்து, கொக்கு இருக்கிறது. மீன்கொத்திகூட இருக்கிறது.

"கூழைக்கடா எங்க? நீரே காட்டும்."

நானும் தேடினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தேடினேன். இல்லை.

"அப்ப ஒரு குத்தமும் இல்ல. மார்ச்சு எட்டாந்தேதி வாரேன்."

வேண்டாம் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 27

கூட்டிலிருந்து விழுந்த ஒரு குஞ்சை ஹெப்சிபா புறவாசலில் வைத்து வளர்க்கிறாள். ஊரில் விழுகிற குஞ்சை யாராவது எடுத்து வளர்ப்பது வழக்கம்தான். ஆனால் இது என் மடியில் மீன் தேடுகிறது. இந்த வீட்டில் என்னைத் தேடி வருகிற ஒரே ஜீவன்.

மார்ச் 8, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

சம்பந்தி வண்டியில் துப்பாக்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். முதலில் சாப்பாடு. லெந்து நாள் என்று கறி இல்லை, கெண்டைமீன் குழம்பு. பொரித்த மீன் ஒன்று முழுசாக அவர் இலையில். பாக்கியவதி என்னையே பார்க்கிறாள். நான் மோரைப் பார்த்தேன்.

"வெயில் தாழ்ந்ததும் போவமா வே?" என்றார்.

அப்போதுதான் ஹெப்சிபா அந்தக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் விட்டாள். நிச்சயமான பெண், மாமனார் முன்னால்! எனக்கு உயிர் இல்லை.

"மாமா, இவன் பட்டியல்ல இல்லியாம். இங்கனயே சுட்டுருங்க. வெயில்ல குளம் வரைக்கும் எதுக்கு நடக்கணும்?"

சம்பந்தி கை சோற்றிலேயே நின்றுவிட்டது. சரி, மகளுக்கு இருக்கிற தைரியத்தில் பாதியாவது தகப்பனுக்கு வேண்டாமா?

"சம்பந்தி," என்றேன். குரல் ஆட்டுக்குட்டிபோல வந்தது. "சட்டத்துல இடம் இருக்கலாம். எங்க ஊர்ல இல்ல. அன்னைக்கு நான் பெருமைக்குக் கூப்பிட்டுட்டேன். இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுதேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் குஞ்சு பைய நடந்து, அலகை நீட்டி, அவர் இலையிலிருந்த மீனை அள்ளித் தொண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டது. வால் மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

அவர் இலையைப் பார்த்தார். குஞ்சைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்குப் புரையேறிவிட, பாக்கியவதி தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"கச்சேரியில இருவது வருசமா இருக்கேன். இப்படிப் பகல் கொள்ளையப் பாத்ததில்ல." பிறகு ஹெப்சிபாவிடம், "ஏட்டி, இன்னொரு மீன் போடு. எனக்கில்ல. அவனுக்கு."

துப்பாக்கி வண்டியிலேயே கிடந்தது. மாலையில் வெறுங்கையோடு குளக்கரையில் நடந்தோம். அங்கே வந்த அம்மையப்ப பிள்ளை இரண்டு பேர் கையையும் பார்த்துவிட்டு, "பந்தலுக்கு எத்தன தென்னங்கீத்து வேணும்?" என்று கேட்டார்.

ஏப்ரல் 16

கல்யாணம். வேட்டு இல்லை, மேளம் தெருக்கோடியோடு நின்றது. குளத்திலிருந்து வந்த இரைச்சலில் பாதிரி ஐயர் செய்த ஜெபம் யாருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளை ஒருவழியாகத் தலைநிமிர்ந்து ஹெப்சிபாவைப் பார்த்தார். பந்தியில் முதல் இலை அம்மையப்ப பிள்ளைக்கு. சாதி வழக்கப்படி எங்கள் வீட்டுச் சமையலைத் தொடமாட்டார், வாழைப்பழமும் பாலும்தான். அதையும் இரண்டு தரம் கேட்டு வாங்கினார். அழக்கூடாது என்றிருந்தேன். அழுதேன்.

1914 ஆகஸ்டு 20

கூழைக்கடாவையும் பட்டியலில் சேர்க்கும்படி சம்பந்தி சர்க்காருக்கு மூன்றாவது மனுப் போட்டிருக்கிறார். சீமையில் சண்டை மூண்டிருக்கிறது, இப்போது யார் படிப்பார்கள் என்றேன். "எழுதிப் போட்டாத்தான் சட்டம் வரும் வே" என்கிறார்.

1915 ஜனவரி 23, சனி

நாளைக்குப் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். மனுவுக்குப் பதில் இல்லை. பறவைகள் நேற்றே வந்துவிட்டன. என் இடுப்பை நம்ப முடியாது என்று சம்பந்தியே சாக்குத்துணியோடு ஏணியில் ஏறினார். நான் கீழே பிடித்துக்கொண்டேன். இறங்கும்போது, "இன்னும் ரெண்டு படி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.