குளிருக்கு ஒதுங்கிய வாத்துகள்

அன்புள்ள சுபத்ரா,

நான் நலம். உன் இருமல் விட்டதா? தன்யா அழாமல் ஸ்கூலுக்குப் போகிறாளா? நீங்கள் இருவரும் இங்கே வரும் பேச்சை எடுத்தாலே, போனில் நீ குளிரைச் சொல்லி முடித்துவிடுகிறாய். அதனால்தான், ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஆபீஸ் நண்பன் ஸ்ரீராமோடு வடகடல் கரைக்குப் பறவை பார்க்கப் போனேன். கடல் உள்வாங்கிய சேற்றில் இறங்கி ஒரு ஷூவைத் தொலைத்தேன், சிரித்துக்கொள். கால் விறைத்து நின்றபோது, எதிரே கூட்டம் கூட்டமாகக் காட்டு வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"துருவத்துப் பக்கம் குளிர் தாங்காம, குஞ்சுகளையும் கூட்டிக்கிட்டு இங்க வந்துடுதுங்க" என்றான் ஸ்ரீராம்.

அவற்றுக்கு இதுதான் கதகதப்பான ஊர்.

திரும்பியதும் பனி பூட்ஸ் வாங்கினேன். உன் அளவு தெரியும், உனக்கும் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். தன்யாவின் அளவுதான் இப்போது எனக்குத் தெரியவில்லை. அவள் பாதத்தைத் தாளில் வைத்து, சுற்றி வரைந்து அனுப்பு.

ரயில் வந்துவிட்டது.

நவநீத்