கல்லுக்குப் பின்னால் மீன்

என்னங்க,

சாப்பாட்டை ஃப்ரிட்ஜில் தேடாதீர்கள். அதன் பிளக்கைப் பிடுங்கித்தான் உங்கள் உப்புத்தண்ணீர் மீன்தொட்டிக்கு ஹீட்டர் போட்டிருக்கிறீர்கள். அடுப்பின் மேல் இருக்கிறது, கெடுவதற்குள் சாப்பிடுங்கள்.

எந்தப் பம்பு, எந்த ஃபில்டர் என்று முடிவாகாமல் மீன் வாங்கக் கூடாதாம். ஆனால் மீனே இல்லாத தண்ணீருக்குக் குளிரக் கூடாதாம்! நேற்று கத்தியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

சாயங்காலம் என் அக்கா வருவாள். போன தடவை "மீன் எங்கடி?" என்று கேட்டாள். "ரொம்பக் கூச்சம்க்கா, கல்லுக்குப் பின்னாடி இருக்கு" என்று சமாளித்தேன். நீங்களும் அதையே சொல்லுங்கள்.

சாவி செருப்பு அலமாரியில்.

பி.கு.: அக்கா அதற்குத் தீனி வாங்கி வருகிறாளாம்.

இன்னொன்று. தயவுசெய்து இன்றைக்கே ஏதாவது ஒரு பம்பை வாங்கித் தொலையுங்கள். காலையில் நானே கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "வெளிய வாடா கண்ணா, பெரியம்மா வர்றாங்க" என்று கூப்பிட்டேன்.