தோற்றுவிட்டதாகச் சொல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பாதிதான் நலம். போனில் பேசலாம் என்றால் உன் அப்பாவின் காது எப்போதும் என் பக்கமே இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

அவருக்கு வலது தோளில் தசைநார் கிழிந்தது உனக்குத் தெரியும். லேசான கிழிசல் என்று உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறார். லேசாவது ஒன்றாவது! சீப்பைத் தன் தலைக்கே கொண்டுபோக முடியவில்லை. முடிவெட்டுகிறவருக்குக் கை எழும்பாவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? வருகிறவர்களை நாற்காலியில் சரிந்து உட்காரச் சொல்கிறார். உயரமானவர்கள் எல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

இந்த மாதமே ஆபரேஷன் செய்தாக வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டால் நார் சுருங்கிவிடும், பிறகு இழுத்துத் தைக்கக்கூட வராது என்கிறார் டாக்டர். இவரோ, "எம் பொண்ணு மருந்து வரட்டும், எதுக்கு வீணா கத்தி?" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நாளெல்லாம் கத்தி பிடிக்கிற மனிதருக்குக் கத்தி என்றால் பயம், அதுவும் உண்மை.

இதில் என் பங்கும் உண்டு. உங்கள் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்த பெப்டைடு என்ற புரத மருந்தைப் போட்டதும் எலியின் அறுந்த நார் கூடிவிட்டது என்று நீ எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான்தானே. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்தப் பெயர் எனக்கே வாயில் நுழையாது. அவர் சவரம் செய்யும்போதெல்லாம் அதைத்தான் பேசுகிறார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? எல்லோரும் ஆமாம் போடுகிறார்கள்.

மனிதர்களுக்கு வரப் பல வருஷம் ஆகும் என்று நீ சொன்னதையும் சொன்னேன். "அவ அடக்கமா பேசுறா. நம்ம வளர்ப்பு அப்படி" என்று சிரிக்கிறார். கடைக்கு வருகிற ஜிம் பயிற்சியாளர் ஒருவர் அதே மருந்து என்று எங்கேயோ வாங்கிய குப்பியை நீட்டினார். நல்லவேளை, "எம் பொண்ணு கையால வந்தாத்தான் போட்டுக்குவேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

நேற்று சட்டையில் கையை நுழைக்க முடியாமல் பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டை சுருங்கிவிட்டது என்றார். நான்தான் கையைப் பிடித்து நுழைத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கேட்கக் கூடாததுதான். போன் செய்து, மருந்து தோற்றுவிட்டது, ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டார்கள் என்று அவரிடம் சொல். இத்தனை வருஷம் கண்விழித்து ஜெயித்ததை உன் வாயாலேயே இல்லை என்று சொல்லச் சொல்கிறேன். பெற்றவள் கேட்கிற கேள்வியா இது? எனக்கு வேறு வழி தெரியவில்லையம்மா. அவர் நம்புவது உன் பேச்சை மட்டும்தான்.

சொன்னவுடன் போனை வைத்துவிடாதே. தோளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார். போனால் போகிறது, சாப்பிட்டாயா என்பார், எலிக்கு என்ன தெரியும் என்பார். முழுவதையும் கேட்டுக்கொள். அழுகை வந்தால் அழு. தோற்றதற்காக அழுகிறாய் என்று நினைத்துக்கொள்வார்.

உன் மருந்து யாரோ ஒரு பெண்ணின் அப்பாவுக்காவது வேளையோடு போய்ச் சேரட்டும்.

இதைக் கேட்க நேர்ந்த,
உன் அம்மா