கோடு போட்டுப் பார்த்தவளுக்கு

இன்று காலை பரீட்சைத் தாளின் ஓரத்தில் என் கை தானாகவே இரண்டு கோடுகளைப் போட்டுவிட்டது. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது, உன்மேல்தான். செத்துப் போன பிறகும் என் நேரத்தைத் தின்கிறாயே!

நாற்பதைத் தாண்டி, பள்ளிப் பிள்ளைகள் எழுதும் 'ஓ' லெவல் கணிதத்தை எழுத நம்மைத் தவிர யாருக்குத் தோன்றும்? முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றி, குளிப்பாட்டி விட்டுக்கொண்டிருந்த நம் இருவருக்கும் தாதியர் படிப்பில் சேர ஆசை. அதற்குக் கணக்கில் தேற வேண்டும். ஞாயிறுதோறும் உன் மாதா கோயில் பூசை முடிந்ததும் ஃபேரர் பார்க் கோப்பிக்கடையில் புத்தகத்தை விரித்தோம்.

இரண்டு சமன்பாடுகளைக் கொடுத்து x, y கண்டுபிடி என்றால், நான் கூட்டியோ கழித்தோ நாலு வரியில் முடித்துவிடுவேன். நீயோ வரைபடத் தாளை எடுத்து, பென்சிலைச் சீவி, சமன்பாட்டுக்கு ஒரு கோடாகப் போட்டு, அழித்து மறுபடி போட்டு, இரண்டும் வெட்டும் இடத்தைத் தேடி... அதற்குள் உன் தே தாரிக் டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். கடைசியில் தலையை நிமிர்த்தி, "சுமாரா ரெண்டரை" என்பாய்.

"சுமாருக்கு யாருடி மார்க் குடுப்பா? எக்ஸாம்ல டைம் பத்தாது!"

"அவசரப்படாத லா. நீ விடையப் புடிச்சிடற, அது எங்க நிக்குதுன்னு பாக்கவே மாட்டேங்கிற."

ஒருநாள் 2x + y = 7, x − y = 2 என்று ஒரு கணக்கு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன், y போய்விட்டது. x ஐந்து, y மூன்று என்று எழுதிப் பேனாவை மூடினேன். நீ அந்தப் புள்ளியை உன் தாளில் வைத்தாய்.

"ரெண்டாவது கோட்டு மேல உக்காருது. மொதக் கோட்டப் பாரு, அஞ்சுக்கு வரும்போது ஜீரோவுக்குக் கீழ போயிடுச்சு. ரெண்டும் எப்படி அங்க சந்திக்கும்?"

கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் பரோட்டாவை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். உன் பென்சிலை ஒடித்துப் போடலாமா என்றிருந்தது எனக்கு.

ஒரு கோடு போட அத்தனை நேரம் எடுத்தவளுக்குப் போவதில் மட்டும் என்ன அவசரம்? நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பவில்லை. சேர்ந்தே பதிந்ததால் பரீட்சைக் கூடத்தில் உன் மேசை என் பக்கத்திலேயே இருந்தது. கண்காணிப்பாளர் அதிலும் ஒரு வினாத்தாளை வைத்துவிட்டுப் போனார்.

நான் ஓரத்தில் போட்ட கோடுகள் என் விடை சொன்ன இடத்திலேயே வெட்டிக்கொண்டன. நிம்மதி வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. இனி எந்தக் கணக்கைப் போட்டாலும் இந்தக் கை கோடு போட்டுப் பார்க்காமல் விடாது, தெரியும். தேறினால் அந்தப் படிப்புக்கு நான் தனியாகப் போக வேண்டும். சேர்ந்து போகலாம் என்று என்னை இழுத்துவிட்டதே நீதானே, போடி.