உங்கள் வாயில் வேறொருவர் குரல்

சர்ச்சில் பழைய துணி கேட்டிருந்தார்கள். உங்கள் வெள்ளைச் சட்டையை மடிக்கும்போது காலருக்குக் கீழே ஒரு கிழிசல் விரலில் தட்டியது. படக்காரர்கள் தினமும் மைக்கைக் குத்திக் குத்திப் பிய்த்த இடம். சட்டையைத் திரும்ப பீரோவிலேயே வைத்துவிட்டேன்.

நாம் பிழைக்க வந்த இந்தத் தாபோடியில் குழாய்த் தண்ணீர் வராத நம் சந்துகளுக்காகக் கார்ப்பரேஷன் தேர்தலில் சுயேச்சையாக நின்றீர்கள். அதைப் படமெடுக்க ஒரு மராத்திப் பெண் ஆட்களோடு வந்து, அடுக்களைவரை கேமராவை நுழைத்தாள். தங்களுக்குத் தமிழ் புரியாது, வீட்டிலும் இந்தியிலேயே பேசுங்கள் என்று கெஞ்சினாள். நீங்கள் மசியவில்லை.

"ஓட்டுக் கேக்க மராத்தி பேசுதேன், இந்தி பேசுதேன். வீட்டுக்குள்ளயும் எதுக்குட்டி வேசம்?" என்றீர்கள் என்னிடம். எனக்கு அன்று எவ்வளவு பெருமை!

தோற்றீர்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். படம் முடிவதற்குள் நெஞ்சுவலியில் நீங்களே போய்விட்டீர்கள்.

போன வாரம் அந்தப் பெண் வந்து படத்தை நம் டிவியில் போட்டுக் காட்டினாள். தெருவில் மராத்தியில் பேசுகிற இடமெல்லாம் உங்கள் குரல்தான். வீட்டுக் காட்சி வந்ததும் வேறு யாரோ பேசினான். உங்கள் தமிழை அடியோடு எடுத்துவிட்டு, ஒரு ஆளை இந்தியில் பேசவைத்திருந்தார்கள்.

தேர்தல் முடிவு வந்த அன்று, நான் கடைக்குப் போன நேரத்தில், என்னைப் பற்றிக் கேமராவிடம் பேசியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவே தெரியாது. இதைச் சொல்லத் தமிழில்தான் வரும் என்றீர்களாம். 'என் தர்மபத்னிதான் என் பலம்' என்கிறது அந்த இந்திக் குரல். நீங்களாவது, தர்மபத்னியாவது! கல்யாணமான நாள் முதல் ஒரு தடவையாவது என்னை அப்படிச் சொன்னதுண்டா?

நம் மகளும் அழுதுகொண்டே கேட்டாள்: "அம்மா, அப்பா ரியலா என்ன சொன்னாங்க?"

தமிழ் ஒலியை மட்டுமாவது கொடு என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன். "ஸாரி ஆண்ட்டி, வோ சப் டெலீட் ஹோ கயா," என்றாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டார்களாம். மொழிபெயர்த்தவருக்கும் நினைவில்லையாம். இந்தியில் பேசியிருந்தால் உங்கள் குரலாவது மிஞ்சியிருக்கும்.

அவள் கொடுத்துவிட்டுப் போன படத்தில் அந்தக் காட்சியை எத்தனையோ தரம் போட்டுப் பார்த்தேன். சத்தத்தை அணைத்துவிட்டு உதட்டையே பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. பார்த்துப் பார்த்து இன்னொன்று நடந்துவிட்டது. இப்போது கண்ணை மூடினால், நீங்கள் என்னைக் கூப்பிடுவதே அந்த ஆளின் குரலில்தான் கேட்கிறது.