கோட்டையைப் பிடித்தது யார்?

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், நம் வாலுப் பெண்ணும் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். அதனால்தான் எழுதுகிறேன். நின்றபடி படிக்காதீர்கள், உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் நல்ல சேதி. மகளுக்கு அந்தச் சொத்தைப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. ஊரைக் கூட்டாமல் சமத்தாக இருந்தாள். அவள் வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் கிடந்த நேரத்தில்தான் என் போன் கூவியது. 'வாழ்த்துகள்! உங்கள் மகள் பின்னக் கோட்டையைப் பிடித்துவிட்டாள்!' என்று அவளுடைய ஆன்லைன் கணக்கு வகுப்பிலிருந்து செய்தி. டாக்டர் கையில் குறடு, இவள் வாயில் பஞ்சு. அப்புறம் கோட்டையைப் பிடித்தது யார்? எனக்குத் தலை சுற்றியது.

வெளியே வந்ததும் கேட்டேன். பஞ்சைக் கடித்துக்கொண்டே, "அப்பாவா இருக்கும்" என்றாள், பால்காரர் வந்து போனதைச் சொல்கிற மாதிரி. அவளுடைய பாஸ்வேர்டு உங்களிடம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பிள்ளை போட வேண்டிய கணக்கை, கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நீங்கள் போட்டு நட்சத்திரம் வாங்குகிறீர்களே, வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

விளையாட்டை நான் குறை சொல்லவில்லை. டீச்சர் பாவம், கேமராவை அணைத்துவிட்டு ஓடிப்போகிற பிள்ளைகளை இழுத்துப் பிடிக்கத்தான் புள்ளி, கிரீடம், கோட்டை என்று மண்டையை உடைத்துக்கொண்டு செய்திருக்கிறார். பலனும் இருந்தது. வகுப்பு என்றாலே வயிற்றுவலி வருகிறவள், பெருக்கல் பாடத்துக்குக் கூப்பிடும் முன்பே போய் உட்கார்ந்தாள். தப்பாகப் போட்டால் கோட்டைச் சுவர் இடியும். திரும்பக் கணக்குப் போட்டுக் கட்டுவாள். அப்படித்தான் வாய்ப்பாடு அவள் மனதில் ஏறியது.

பின்னத்தில் சுவர் இடியவே நீங்கள் விடவில்லை. அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, "ஆறில ரெண்டு" என்கிறாள். அரையைவிடக் குறைச்சல்! இந்த லட்சணத்தில், திங்கட்கிழமை முதல் அவளைக் கெட்டிக்காரப் பிள்ளைகளின் பிரிவுக்கு மாற்றப்போவதாக டீச்சர் வேறு சொல்லியிருந்தார். அங்கே போய்த் திருதிருவென்று முழிப்பாளே!

ஏன்டி நீயே போடவில்லை என்று அதட்டினேன். முதலில் தெரியாமல்தான் விட்டாளாம். அப்புறம் வேண்டுமென்றே விட்டாளாம். "நான் பாதியில விட்டாத்தாம்மா அப்பா வருவாரு. காலையில தெறந்து பாத்தா அவரு போட்டிருப்பாரு. வந்துட்டுப் போயிருக்காருன்னு தெரியும்ல?" என்றாள்.

போனில் உங்களுக்கு 'சாப்டியா, படிச்சியா' என்பதோடு சரி. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. அப்பாவும் மகளும் சந்தித்துக்கொள்ள உங்களுக்கு இந்தக் கோட்டைதானா கிடைத்தது?

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பின்னத்தில் வாங்கிய புள்ளிகளை அவர் எடுத்துவிட்டார். பிரிவு மாற்றமும் இல்லை. பட்டியலில் இப்போது நம் வாலுக்குக் கடைசி இடம். அதற்கெல்லாம் அவள் அழவில்லை. நான் பாஸ்வேர்டை மாற்றியபோதுதான் தேம்பித் தேம்பி அழுதாள். அதைச் சொன்னதும் டீச்சருக்கே மனசு தாங்கவில்லை. பெற்றோர் தங்கள் பெயரிலேயே உள்ளே வர வழி செய்திருக்கிறார். கணக்குக்குப் பதில் போட முடியாது. கூட இருந்து பார்க்கலாம், பேசலாம்.

கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கு வாருங்கள். அவள் தப்பாகப் போடுவாள், சுவர் விழும். உங்களுக்குக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். பரவாயில்லை, மறுபடி கட்டு என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

லீவைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கவே கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். அங்கே உங்களுக்கு என்ன நெருக்கடியோ. ஆனால் அப்பா வர வேண்டும் என்பதற்காகப் பிள்ளை ஒன்று கணக்கையே படிக்காமல் இருக்கிறது என்றால், நான் மட்டும் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருப்பது? கேட்டுவிட்டேன். எப்போது வருவீர்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி